அரைக்கட்டை இறங்கிய ஊர்

எங்கள் ஊர் வெள்ளிமுனை அரைக்கட்டை சுதி இறங்கிப்போன வருஷத்தில்தான் கோயில் கூரையில் கறையான் ஏறியிருப்பதைப் பார்த்தார்கள். கூரையைப் பிரிக்க ஏறியவர்கள் பாடற்குழு நிற்கிற இடத்துக்கு நேர் மேலே ஒரு பரண் இருப்பதைப் பார்த்தார்கள். பரணில் ஒரு தேக்குப் பெட்டி. பெட்டிக்குள் நான்கு பிடில், முழங்காலுக்கு நடுவில் இடுக்கி வாசிக்கிற பெரிய பிடில் ஒன்று, இரண்டு மரக்குழல், எல்லாவற்றுக்கும் அடியில் மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு நோட்டுக்கட்டு. கறையான் கூரை முழுக்கத் தின்றிருந்தும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. எனக்கு அப்போதே மனசு சரியில்லை. கறையான் ஒன்றை விட்டுவைக்கிறதென்றால் அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நோட்டுக்கட்டை ஜெபநேசன் மாஸ்டர் ஒரு வாரம் வைத்துப் படித்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் பாடற்குழுவை முப்பது வருஷமாக நடத்துகிறவர். முன்னொரு காலத்தில் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்த ஜெர்மன் தேசத்துக் குருமாரில் யாரோ ஒருவர் ஆண்டவர் இயேசு பட்ட பாடுகளை அவர் பிடிபட்டதிலிருந்து அடக்கம்வரைக்கும் ஒரே பாட்டாகக் கட்டி, சொல்லை மட்டும் எங்கள் தமிழில் எழுதி வைத்திருக்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் சொன்னார். பாடி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகுமாம். அன்று மத்தியானமே ஊர் அதற்குப் பெரும்பாட்டு என்று பேர் வைத்துவிட்டது.

"பெரிய வெள்ளிக்குப் பாடுறோம். அந்தக் காலத்துப் பிடில்லயே பாடுறோம்" என்றார் மாஸ்டர்.

"கீபோர்டு இருக்கே மாஸ்டர், பட்டனைத் தட்டினா நாற்பது பிடில் வருதே" என்றார் தையல்கடை மோசஸ்.

"நாற்பது வரும். ஒண்ணுகூட மூச்சு விடாது" என்றார் மாஸ்டர்.

அந்தப் பிடில்களுக்குக் கம்பி ஆகாது, ஆட்டுக்குடல் நரம்புதான் ஆகும். அதற்காகக் கறிக்கடை சிக்கந்தர் பாய் வீட்டுக்குப் போய் அவர் மனைவி ஹபீபாவிடம் கேட்டோம். "குழம்புக்குக் கேட்டாலும் கோயிலுக்குக் கேட்டாலும் கழுவுற வேலை ஒண்ணுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். குடலைச் சுரண்டி, சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு முறுக்கி, படகுக் கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டினோம். காக்கை வராமல் இருக்க நாள் முழுக்க ஆள் நின்றோம். நரம்பு காய்ந்தது. காய்ந்த நரம்பைப் பூட்டி கீபோர்டுச் சுதிக்கு ஏற்றியபோது அறுந்தது. மறுபடி பூட்டினார்கள், மறுபடி அறுந்தது. பதினோரு தடவை அறுந்த பிறகுதான் மாஸ்டர் நோட்டின் முதல் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இக்கரைக் காற்றுக்கு நரம்பை அரைக்கட்டை இறக்கிக் கட்டுக" என்று எழுதியிருந்தது.

இறக்கிக் கட்டினார்கள். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. ஐஸ் கம்பெனி மெக்கானிக் தாவீது பெரிய பிடிலின் கடைசி நரம்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து கையை எடுத்த அந்த நிமிஷத்தில், வெள்ளிமுனை முழுக்க அரைக்கட்டை கீழே இறங்கியது.

நான் வீட்டில் தோசைமாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தம் ஒரு படி இறங்கி உட்கார்ந்தது. மோட்டார் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், இருபது வீட்டு மாவு எனக்காகக் காத்திருந்தது. பிறகு காக்கை கத்தியது, அதுவும் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை அதட்டினாள், அதுவும் இறங்கியிருந்தது. ஐஸ் கம்பெனி இரைச்சலும், குக்கர் விசிலும், பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் ஹாரனும், எல்லாவற்றுக்கும் பின்னால் கடலும், ஒரே அளவு இறங்கி ஒன்றோடொன்று முன்போலவே சேர்ந்துகொண்டன. பிடில்கள் மட்டும் இறங்கவில்லை. அவை ஏற்கெனவே அங்கேதான் இருந்தன.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். வேறெப்படி எடுத்துக்கொள்வது? மீன் ஏலம் கூறுகிறவர் முதல் இரண்டு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார், மூன்றாம் நாள் விட்டுவிட்டார். கொசு காதோரம் வந்தால்கூடத் தெரியாமல் எல்லோரும் கடி வாங்கினோம், அந்தப் புது ரீங்காரம் பழகுகிறவரைக்கும். டவுன் பஸ் டிரைவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தடவையும் இந்தப் பக்கம் ஒரு தடவையும் ஹாரன் அடித்துப் பார்ப்பார், பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகள் கைதட்டும். பெண் பார்க்க வந்த காரைக்கால்காரர்கள், பெண் சாந்தமாகப் பேசுகிறாள் என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவள் இந்த ஊரிலேயே பெரிய வாயாடி. சண்டைகள் முன்போலவே நடந்தன, ஆனால் சீக்கிரம் சலித்துப்போயின, கத்துகிறவர்களுக்கே தாங்கள் கத்துகிற மாதிரி தோன்றவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சோதித்துப் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். எங்கள் ஐயர், எங்கள் சபையில் குருவை அப்படித்தான் சொல்வோம், "கர்த்தர் சத்தமாய்ப் பேசவில்லை, மெல்லிய குரலில்தான் பேசினார்" என்று பிரசங்கம் பண்ணி முடித்துக்கொண்டார்.

திருப்பூரிலிருந்து என் மகள் கிருபா போன் பண்ணினாள்.

"அம்மா, யாரு பேசுறது?"

"யாருடி பேசுவா? நான்தான்."

"சளி புடிச்சிருக்கா? என்னமோ மாதிரி இருக்கே குரல். அப்பா எங்க?"

"கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டிருக்காங்க. வேறெங்க போவாங்க?"

அவள் அப்பா அப்போது ஒன்பது வருஷமாக வலைதான் பொத்திக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் வேதமுத்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் எங்கள் சின்ன பைபர் படகின்மேல் ஒரு விசைப்படகு ஏறிவிட்டது. அவருக்கு முழங்கால் போனது. அதோடு போயிருந்தால் நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன். ஊர்க்கூட்டத்தில் விசாரித்தபோது, படகில் விளக்கே எரியவில்லை, வேதமுத்து அணைத்துப்போட்டுத் தூங்கிவிட்டான் என்று விசைப்படகுக்காரர்கள் சொன்னார்கள். அந்த விசைப்படகில் முன்பக்கம் நின்றவன் என் கூடப்பிறந்த தம்பி அருமைநாதன். கூட்டத்தில் அவனை மூன்று தடவை கேட்டார்கள். விளக்கு எரிந்ததா? தெரியாது. நீ முன்பக்கம்தானே நின்றாய்? நின்றேன், பார்க்கவில்லை. எரிந்ததா இல்லையா, ஒரே பேச்சாகச் சொல். தெரியாது.

அவனுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம், வேலை அந்தப் படகில்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஊரில் அணைஞ்சவிளக்கு என்று பேர். விளக்கை அணைத்துப்போட்டுத் தூங்குகிறவனோடு எவன் கடலுக்குப் போவான்? ஒருவரும் அவர் படகில் ஏறவில்லை. படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. அந்த அரிக்கேன் விளக்கு மட்டும் கண்ணாடி உடையாமல் கரை ஒதுங்கி வந்தது. அதைக் கொல்லைப்புற ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நானும் தம்பியும் ஒன்பது வருஷம் பேசவில்லை. ஒரே கோயிலில், ஒரே பாடற்குழுவில், அவன் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுவான், நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைப்பேன்.

வாயை மட்டும் அசைப்பேன் என்றேனே, அது இன்னொரு குறை. ஒருகாலத்தில் சொப்ரானோவில், பெண்களின் உச்சக்குரலில், முதல் ஆள் நான்தான். நாற்பத்தாறு வயசில் ஓர் ஈஸ்டர் அன்று மேல் சுரத்தில் என் குரல் கிழிந்தது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்தச் சுரத்தைத் தொடவில்லை, குளிக்கும்போதுகூட.

இப்போது ஊர் அரைக்கட்டை இறங்கியதும், பாத்திரம் கழுவிக்கொண்டே சும்மா வாய்க்குள் இழுத்துப் பார்த்தேன். வந்தது. பழைய இடத்தில், பழைய மாதிரி, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

பெரும்பாட்டில் ஆண்டவருடைய சீஷன் பேதுரு அவரைத் தெரியவே தெரியாது என்று மறுதலிக்கிற கட்டம் ஒன்று உண்டு. முற்றத்தில் நெருப்பு எரிகிறது, குளிர்காய்கிற பேதுருவை ஒரு வேலைக்காரி பார்த்துவிடுகிறாள். வேதத்தில் கேள்வி கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள். பெரும்பாட்டை எழுதியவர் மூன்று கேள்வியையும் ஒரே வேலைக்காரிக்குக் கொடுத்திருந்தார், ஒவ்வொரு கேள்வியும் முந்தினதைவிட மேலே ஏறும். பேதுருவின் பதில் ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கீழே இறங்கும். மூன்றாவது "அறியேன்" பேஸ் குரலின் கடைசிப் படியில் போய் உட்கார வேண்டும், உடனே சேவல் கூவ வேண்டும். ஊரில் இருக்கிற ஒரே பேஸ் என் தம்பி.

நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "வேலைக்காரி நான் பாடுறேன்" என்றேன்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நவமணி, பேதுரு யாருன்னு தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் கேக்கிறேன். அவனை மூணு தடவை கேக்கணும். ஊரே இருக்கிறப்ப கேக்கணும்."

"பாட்டுலதான் கேக்க முடியும்."

"பாட்டுலயாவது கேக்கிறேன்."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வலை ஊசியை நிறுத்தவில்லை. "பாடு மணி. நான் வரல" என்றார்.

லெந்து என்கிற தவக்காலம் நாற்பது நாளும் ஒத்திகை. ஒத்திகையில் பாதி நேரம் சுதி சேர்ப்பதற்கே போகும். கடற்காற்று அடித்தால் குடல் நரம்பு தளரும், வெயில் ஏறினால் இறுகும், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் நிறுத்திவிட்டு நரம்பின் முறுக்காணியைத் திருக வேண்டும். மாஸ்டரின் தங்கை மகள்கள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து நம் ஊர்க் கச்சேரிப் பிடில் வாசித்துப் பழகியவர்கள். அவர்கள் இந்தப் பிடிலை நெஞ்சில் சாய்த்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. மோசஸுக்குச் சேவல் கூவுகிற இடம் குழலில் கிடைத்தது. ஏழே சுரம்தான். ஊசி கோக்கும்போதும், பட்டன் தைக்கும்போதும், யாராவது அளவு கொடுக்கும்போதும் அதையே விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"மோசஸ் அண்ணே, ரவிக்கை எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால், "சேவல் கூவின பிறகு" என்பார்.

தம்பி என்னைப் பார்க்கவே மாட்டான். நான் கேட்பேன், அவன் புதுக் கூரையைப் பார்த்துப் பதில் பாடுவான். முதல் அறியேன் நன்றாக வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவது வரவில்லை. ஊர் இறங்கியதில் அந்தச் சுரமும் அரைக்கட்டை இறங்கி அவன் குரலுக்கு அடியில் போய்விட்டது. எனக்கு மேலே திறந்த கதவு அவனுக்குக் கீழே மூடிக்கொண்டது. "அறி" என்று ஆரம்பிப்பான், அப்புறம் காற்றுதான் வரும். கழுத்து நரம்பு புடைக்கும். மாஸ்டர் வெந்நீர் குடிக்கச் சொன்னார், தாடையைத் தளர்த்தச் சொன்னார், கடைசியில் "பரவாயில்லடா, பெரிய பிடில் அந்தச் சுரத்தைப் பிடிச்சுக்கும், நீ வாயை அசைச்சா போதும்" என்றார்.

வாயை அசைக்கிற வேதனை எனக்குத் தெரியும். அவன்மேல் எனக்கு அந்த ஒரு நிமிஷம் பரிதாபம் வந்தது, உடனே அதை நினைத்துக் கோபமும் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சொல் எவ்வளவு லேசாக வந்தது அவனுக்கு!

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள், பஸ் டிரைவர் வண்டியைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். ஹபீபாவும் சிக்கந்தர் பாயும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்கள், நரம்பு அறுந்தால் மாற்ற வேண்டுமே என்று அவள் ஒரு சுருள் நரம்பைப் பையில் கொண்டுவந்திருந்தாள். கூரை வேலைக்காக ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்றிக் கடற்கரைப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். திரும்ப மாற்ற யாருக்கும் நேரமில்லை. ஆகவே பெரும்பாட்டு கோயிலுக்குள் கேட்ட அளவுக்கு மணலிலும் கேட்டது. மணலில் என் வீட்டுக்காரர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

பிடில்கள் ஆரம்பித்தன. கம்பி மாதிரி அவை மினுங்காது, மனுஷக் குரல் மாதிரி கொஞ்சம் கரகரத்துத்தான் எழும். ஆண்டவரைப் பிடித்தார்கள், கட்டினார்கள், கொண்டுபோனார்கள். முற்றத்தில் நெருப்பு மூட்டினார்கள். நான் ஒரு அடி முன்னால் வந்தேன். தோசைமாவுக்கு உப்புப் போட்டேனா என்று அந்த நேரத்தில் ஒரு யோசனை வேறு.

"நீ அவரோடு இருந்தவன் அல்லவா?" என்று பாடினேன்.

"பெண்ணே, அறியேன்" என்றான் தம்பி, கூரையைப் பார்த்து.

"நெருப்பின் வெளிச்சத்தில் உன் முகம் தெரிகிறதே, நீ அவரோடு இருந்தவன் அல்லவா?" ஒரு படி ஏறினேன்.

"அறியேன், பெண்ணே." ஒரு படி இறங்கினான்.

மூன்றாவது கேள்விக்கு முன்னால் பிடில்கள் எல்லாம் நிற்கும், பெரிய பிடில் மட்டும் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். நான் அந்த மேல் சுரத்துக்குப் போனேன். "விளக்கு எரியும் இடத்தில் நின்றாயே, உன் கண்ணால் பார்த்தாயே, சொல்" என்பதுதான் அங்கே எழுதியிருக்கிற வரி. நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எழுதிய வரியைக் கேட்டு ஊரே தம்பி பக்கம் திரும்பியது.

தம்பி வாயைத் திறந்தான். "அறி" என்றான். குரல் அடியில் போய் முட்டியது. மறுபடி "அறி" என்றான், காற்றுதான் வந்தது. தாவீது அவனுக்காக அந்தச் சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார், வில் முடிந்தது, திருப்பி இழுத்தார். தம்பி கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். ஒன்பது வருஷத்துக்கப்புறம் என்னைப் பார்த்தான். கீழே போக இடமில்லாத குரல் மேலே ஏற ஆரம்பித்தது, ஒவ்வொரு படியாக, பேஸ் குரல் போகவே கூடாத இடங்களுக்கெல்லாம் ஏறி, நான் நின்ற சுரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எரிந்தது" என்று பாடினான். "விளக்கு எரிந்தது. நான் பார்த்தேன். அக்கா, விளக்கு எரிந்தது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்ப்பெரியவர்கள் தங்கள் செருப்பில்லாத கால்களைப் பார்த்தார்கள். மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. அடுத்தது சேவல் கூவ வேண்டும், ஆனால் பேதுரு மறுதலிக்கவில்லையே, சேவல் எதற்குக் கூவும்? மோசஸ் மாஸ்டரைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார். நாற்பது நாள் பழகிய ஏழு சுரத்தை விட மனசில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கூவிவிட்டார். அவ்வளவு அழகாக எந்தச் சேவலும் கூவியதில்லை. யாரோ சிரித்தார்கள், சிரித்தவர்களே அழுதார்கள். அதற்குப் பிறகு வருகிற பேதுருவின் அழுகைப் பாட்டைத் தம்பி பாட வேண்டியதாகவே இல்லை, அவன் தானாகவே அழுதுகொண்டிருந்தான், பிடில்கள் மட்டும் அவன் பாட்டை வாசித்தன.

நான் பக்கவாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார், கையில் வலை ஊசி, ஊசியிலிருந்து நூல் அவிழ்ந்து அவிழ்ந்து மணல்வரைக்கும் நீண்டு கிடந்தது. உள்ளே வரவில்லை. அடக்கம் பண்ணுகிற கடைசிப் பாட்டுவரைக்கும் அங்கேயே நின்று கேட்டார்.

அன்று சாயந்திரமே ஊர்ப்பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள். பேதுரு அப்படிச் சொன்னது வேதத்தில் இல்லை என்று சபையில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. "வேதத்திலும் பேதுரு கடைசியில் உண்மையைச் சொல்லத்தான் செய்தான், நாற்பது ஐம்பது நாள் பிந்திச் சொன்னான், நம் ஆள் ஒன்பது வருஷம் பிந்திவிட்டான்" என்றார் ஐயர். பண்டிகை முடிந்ததும் நரம்புகளைத் தளர்த்திப் பெட்டியில் வைக்கலாமா, ஊரைப் பழைய சுதிக்கு விட்டுவிடலாமா என்று சபைக்கூட்டத்தில் கேட்டார்கள். பஸ் டிரைவர் எங்கள் சபையே இல்லை, இருந்தாலும் எழுந்து, "இருக்கட்டுங்க ஐயா, பழகிடுச்சு" என்றார். இருக்கட்டும் என்றே எல்லோரும் கையைத் தூக்கினார்கள். இப்போது அந்த நரம்புகள் அறுந்துவிடுமோ என்பது என்னுடைய புதுக் கவலை. தினமும் மாவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கோயிலுக்குள் போய் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஈஸ்டருக்கு மறுநாள் நடந்தது. விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. என் வீட்டுக்காரர் கொல்லைப்புற ஆணியிலிருந்து அந்த அரிக்கேன் விளக்கை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நான் பின்னாலேயே போனேன். கரையில் எங்கள் படகை யாரோ நிமிர்த்திப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தம்பி நின்றான், கையில் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஏறவும் முடியாமல் போகவும் முடியாமல்.

"மச்சான்" என்றான். "நானும் வரட்டுமா?"

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கடல் அரைக்கட்டை கீழே இரைந்துகொண்டிருந்தது. பிறகு விளக்கை அவன் கையில் கொடுத்தார்.

"எண்ணெய் இருக்கான்னு பாரு" என்றார்.

தம்பி விளக்கைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினான்.

"இருக்கு மச்சான்" என்றான். "நிறைய இருக்கு."